‘எனக் கொள்க’: அறிவியல் சிறுகதைத் தொகுப்பும் வாசகர் தீர்ப்பும்

ஒரு நூலைப் பற்றி வாசகர் கூறும் கருத்து அந்நூலைப் பற்றிய செய்தியை மட்டும் தருவதன்று. அவ்வாசகரைப் பற்றிய செய்தியையும் உடன் தருகின்றது. எல்லா வகை நூல்களுக்கும் பொருந்தும் இவ்வுண்மை, அறிவியல் சிறுகதைகளுக்கு மிகுதியாகப் பொருந்தும். கவிதையை எவ்வாறு சுவைப்பது எனப் பள்ளியில் கற்பிக்கின்றோம். வரலாற்றுப் புதினத்தை எவ்வாறு அணுகுவது என்பதையும் ஓரளவு கற்பிக்கின்றோம். அறிவியல் கதையைப் படிக்கும் முறையையோ நாம் கற்பிப்பதில்லை. ஆதலின் வாசகர் தமக்குப் பழகிய அளவுகோல்களையே கையில் எடுக்கின்றனர். அவ்வளவுகோல்கள் யாவை, அவை இவ்வகைக் கதைகளுக்குப் பொருந்துமா, பொருந்தாவெனில் வேறு எது பொருந்தும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நூல் ஜெயமோகன் எழுதிய ‘விசும்பு’. 2006ஆம் ஆண்டு வெளிவந்த இவ்வறிவியல் சிறுகதைத் தொகுப்பை ஒரு பொது நோக்கம் இணைக்கின்றது. விண்கலம், இயந்திர மனிதன் என மேலைநாட்டுக் கதைகளால் நமக்கு அறிமுகமான பொருள்களையே மீண்டும் எடுத்துக்கொள்ளாமல், சித்த மருத்துவம், இரசவாதம், மனத்தைப் பற்றிய இந்திய மரபின் சிந்தனைகள் ஆகியவற்றை அறிவியல் கதையின் களமாக்குவதே அந்நோக்கம். கருப்பொருள் ஒன்றினால் கட்டப்பட்ட தொகுப்பு என்பதனால், தனிக்கதையைப் பற்றியன்றி அக்கருப்பொருளைப் பற்றியே வாசகர் தீர்ப்புக் கூற நேர்கின்றது. அது நம் ஆய்வுக்கு வாய்ப்பாக அமைகின்றது.

நான்கு தீர்ப்புகள்

மெர்லிமாவிலும் அதன் சுற்று வட்டாரத்திலும் இந்நூலைப் படித்த ஆசிரியர்கள், இடைநிலைப்பள்ளி மாணவர்கள், ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளர் ஒருவர் ஆகியோர் கூறிய கருத்துகளைத் தொகுத்து நோக்குமிடத்து, அவை பெரும்பாலும் நான்கு தீர்ப்புகளுள் அடங்கக் காண்கின்றோம். ‘இக்கதையின் படிப்பினை யாது?’ என்பது முதலாவது. ‘இதெல்லாம் நடக்குமா? இஃது அறிவியல்தானா?’ என்பது இரண்டாவது. ‘நம் முன்னோர் அனைத்தையும் அன்றே அறிந்திருந்தனர்’ என்பது மூன்றாவது. ‘அறிவியல் கதை தமிழில் ஒட்டவில்லை’ என்பது நான்காவது. இவை மெர்லிமாவுக்கு மட்டும் உரியவை அல்ல. தமிழ் கற்பிக்கப்படும் எவ்விடத்தும் கேட்கக்கூடியவையே.

படிப்பினை தேடுதல்

முதல் தீர்ப்பின் தோற்றுவாய் நம் வகுப்பறையே. நம் நாட்டுப் பள்ளிகளில் நடைபெறும் நீலாம் வாசிப்புத் திட்டத்தின் பதிவேட்டை நாம் அனைவரும் அறிவோம். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், சுருக்கம், படிப்பினை எனப் பதிந்து பழகிய மாணவன், எந்நூலைப் படித்தாலும் இறுதியில் ஒரு வரிப் படிப்பினையைத் தேடுவது இயல்பே. வாசிப்பை வளர்த்த நன்மை அத்திட்டத்திற்கு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் ‘பேராசை பெருநட்டம்’ என்னும் பழமொழியோடு முடித்துவிட இயலாத கதைகளும் உள என்பதை அம்மாணவனுக்கு எவரேனும் சொல்லவேண்டும். படிப்பினை கிடைக்காத கதை பயனற்றது என்று அவன் எண்ணுவானாயின், அறிவியல் கதைகளுள் சிறந்தவை பலவும் அவனுக்குப் பயனற்றவையாகிவிடும். அவற்றுள் பல விடை கூறுவதில்லை. வினாவைக் கூர்மையாக்கி விட்டு விலகிக்கொள்கின்றன.

நடக்குமா என்னும் வினா

இரண்டாவது தீர்ப்பு அகவை முதிர்ந்த வாசகரிடமும் காணப்படுவது. அறிவியல் கதையைச் சோதிடமாகக் கருதும் மனப்பாங்கு இது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ இதற்குத் தக்க சான்று. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த அப்புதினம் 2021ஆம் ஆண்டில் நிகழ்வதாக அமைக்கப்பட்டது. இன்று அதனைப் படிக்கும் இளைஞர் பலர், எவை பலித்தன, எவை பலிக்கவில்லை என்று பட்டியலிடுவதோடு நின்றுவிடுகின்றனர். ஜீனோ என்னும் இயந்திர நாய் போன்ற நாயை எவரும் வளர்க்கவில்லை என்பது உண்மையே. ஆனால் அப்புதினத்தின் உயிர் அந்நாயின் தொழில்நுட்பத்தில் இல்லை. பெயர்கள் ஈரெழுத்தாகச் சுருங்கி, குழந்தை பெறுவதற்கும் அரசின் இசைவு வேண்டப்படும் ஓர் ஆட்சியில், நிலா என்னும் பெண் காணாமற்போன தன் கணவனைத் தேடுகின்றாள். மனிதரை எண்களாக்கும் ஆட்சியில், புத்தகம் படித்துச் சிந்திக்கும் இயந்திரமொன்று அவளுக்குத் துணை நிற்கின்றது. எண்ணாகிவிட்ட மனிதரிடையே எண்ணத் தொடங்கிய இயந்திரம் என்னும் இம்முரணே புதினத்தின் பொருள். பலித்ததா என்று மட்டும் கேட்பவர் இம்முரணைத் தவற விடுகின்றார்.

‘எனக் கொள்க’

கணிதப் பாடத்தில் நாம் நாள்தோறும் பயன்படுத்தும் தொடர் ஒன்று ஈண்டு உதவும். ‘ஒரு தோட்டத்தில் 120 மரங்கள் உள்ளன எனக் கொள்க’ என்று கணக்குத் தொடங்குகின்றது. எந்தத் தோட்டம், அது ஜாசினில் உள்ளதா, மூவாரில் உள்ளதா என்று எந்த மாணவனும் கேட்பதில்லை. கொடுக்கப்பட்டதை ஏற்றுக்கொண்டு கணக்கைச் செய்கின்றான். ஆனால் ஏற்றுக்கொண்ட பிறகு கணக்கில் பிழை நேர்ந்தால் அவனுக்கு மதிப்பெண் கிடைக்காது. தொடக்கத்தில் முழு உரிமை, தொடக்கத்திற்குப் பின் முழுக் கண்டிப்பு என்பதே அதன் நெறி. அறிவியல் கதையின் நெறியும் இதுவே என்பது இக்கட்டுரையின் துணிபு. ஆசிரியர் ஒன்றைக் கொள்க என்கின்றார். வாசகர் அதனை வழங்கிவிட வேண்டும். வழங்கிய பின்னர், அதிலிருந்து எவையெவை தொடருமோ அவற்றை ஆசிரியர் நேர்மையாகக் கணக்கிட்டாரா என்று தயவின்றிக் கேட்கவேண்டும்.

இந்நெறி தமிழுக்குப் புதிதன்று. அணியிலக்கணத்தில் இல்பொருள் உவமையைக் கற்பிக்கின்றோம். உலகில் இல்லாத ஒன்றை உண்டெனக் கொண்டு, அதனோடு உள்ள பொருளை ஒப்பிடும் உவமை அது. அப்பொருள் உலகில் இல்லை என்பதற்காக அவ்வுவமையை எவரும் தள்ளுவதில்லை; உள்ள பொருளின் இயல்பை அது எவ்வளவு தெளிவாகக் காட்டுகின்றது என்றே பார்க்கின்றோம். செய்யுளில் நாம் வழங்கும் அவ்வுரிமையைச் சிறுகதைக்கு மட்டும் மறுப்பது முறையாகாது.

முன்னோர் பெருமை

இனி, மூன்றாவது தீர்ப்பு. நான்கினுள்ளும் இதுவே மிகுந்த கவனத்திற்கு உரியது. தொகுப்பிலுள்ள ‘ஐந்தாவது மருந்து’ என்னும் கதை, எயிட்ஸ் நோயையும் சித்த மருத்துவத்தையும் ஒரு களத்தில் நிறுத்துவது. அக்கதையைப் படித்த மாணவர் ஒருவர், தமிழர் மருத்துவம் பற்றிய கட்டுரையொன்றில், சித்தர்கள் எயிட்ஸ் நோய்க்கு அன்றே மருந்து கண்டிருந்தனர் என்று எழுதி, அதற்குச் சான்றாக இத்தொகுப்பைக் காட்டியிருந்தார். நடை நன்றாயிருந்தது, பிழைகளும் மிகச் சிலவே. ஆயினும் அவ்வரி ஒரு கதையின் ‘எனக் கொள்க’ என்பதை உலகின் ‘ஆம்’ என்பதாக மாற்றிவிட்டது. மொழிப்பற்றினால் நேர்ந்த இம்மாற்றத்தை மொழிப்பற்றினாலேயே நாம் மன்னித்து விடுவோமாயின், நாளை நோய்வாய்ப்பட்ட ஒருவர் மருத்துவமனைக்குச் செல்லக் காலந் தாழ்த்துவதற்கும் அதுவே காரணமாகலாம். கதை சான்றாகாது என்பதைக் கற்பிப்பது தமிழாசிரியரின் கடமை. தமிழின் பெருமைக்கு அதனால் குறைவு நேராது.

இதற்கு எதிர்முனையில் நிற்பவர், ஓலைச்சுவடியும் குருவும் வருவதனாலேயே இஃது அறிவியல் கதையன்று என்று தள்ளும் வாசகர். சோதனைக்குழாய் வந்தால் அறிவியல், ஓலைச்சுவடி வந்தால் மூடநம்பிக்கை என்பது அவர் கொள்கை. இவ்விரு வாசகரும் எதிரெதிர் நிற்பதாகத் தோன்றினும், இருவரும் செய்வது ஒன்றே. இருவரும் கதையில் வரும் பொருளைப் பார்த்துத் தீர்ப்புக் கூறுகின்றனர். கதையின் கணக்கைப் பார்க்கவில்லை.

கணக்கைப் பார்ப்போமாயின் காண்பது யாது? தலைப்பிலுள்ள எண்ணே வினாவை எழுப்புகின்றது. மருந்து ஒன்று கிடைத்துவிட்டால் நோய் தோற்றுவிட்டதாகுமா? ஒவ்வொரு மருந்தும் நோய்க்குப் புதிய வலிமையைப் பயிற்றுவிக்கும் பள்ளியாகி விடுமாயின், ஐந்தாவதற்குப் பின் ஆறாவது வேண்டாவா? சுவடி என்பது கதையின் கொடை. இவ்வினா கதையின் கணக்கு. இக்கணக்கு இன்றைய மருத்துவ அறிவியலின் நடுவில் நிற்கும் கணக்கே ஆகும். பெனிசிலினைக் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவில் மருந்தைப் பயன்படுத்தினால் கிருமிகள் அதனை எதிர்க்கப் பழகிவிடும் என எச்சரித்தார். எயிட்ஸ் நோயை உண்டாக்கும் நுண்மி விரைந்து உருமாறுவதனாலேயே, 1996 முதல் ஒரே மருந்தை நம்பாமல் பல மருந்துகளை ஒருங்கே வழங்கும் முறை நிலைபெற்றது. அம்முறையினால் நோயாளர் நெடுங்காலம் நலமுடன் வாழ்கின்றனர். ஆயினும் நுண்மி உடலைவிட்டு முற்றும் நீங்கிவிடுவதில்லை. ஓலைச்சுவடியைக் கண்டு முகம் சுளித்த வாசகரும் அதனைக் கண்டு பெருமிதம் கொண்ட வாசகரும் இவ்வினாவைத் தொடாமலேயே கடந்து சென்றனர்.

அதனைத் தொட்டவர், முன்னர்க் குறிப்பிட்ட ஓய்வு பெற்ற தொழிலாளரே. செம்பனைத் தோட்டத்தில் முப்பதாண்டுகள் உழைத்த அவர் கூறியது இது: “எலிக்கு மருந்து வெச்சோம். முதல்ல செத்துச்சு. அப்புறம் மருந்தையே தின்னுட்டு எலி ஓடுது. கடைசியில ஆந்தைக்குக் கூண்டு கட்டி வெச்சாங்க. நோயும் அப்படித்தானுங்களே, ஐயா?” செம்பனைத் தோட்டங்களில் வார்ஃபரின் என்னும் எலிமருந்தை எதிர்க்கும் எலிகள் 1980களில் காணப்பட்டதும், ஆந்தைகளைக் குடியேற்றி எலிகளைக் கட்டுப்படுத்தும் முறை பரவியதும் ஆய்வாளர் பதிந்துள்ள செய்திகளே. திறனாய்வுக் கலைச்சொல் ஒன்றும் அறியாத அம்முதியவர், கதையின் கொடையை வழங்கிவிட்டுக் கணக்கைத் தம் பட்டறிவில் வைத்துச் சரிபார்த்தார். நான் கேட்ட கருத்துகளுள் இதனையே தலையாய திறனாய்வு என்பேன்.

வாசகர் வளர்த்த இலக்கியம்

வாசகர் கருத்து அறிவியல் கதையின் வளர்ச்சியில் எத்துணைப் பங்கு கொண்டது என்பதற்கு அமெரிக்க வரலாறு சான்று பகரும். 1926இல் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் தொடங்கிய ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்னும் இதழ் வாசகர் கடிதங்களை முகவரியோடு வெளியிட்டது. வாசகர் ஒருவருக்கொருவர் எழுதினர், கழகங்கள் தோன்றின, 1939இல் நியூயார்க்கில் முதல் உலக மாநாடும் கூடியது. 1954இல் ‘அஸ்டவுண்டிங்’ இதழில் டாம் காட்வின் எழுதிய ஒரு கதை வந்தது. தலைப்பு, ‘குளிர்ந்த சமன்பாடுகள்’ எனப் பொருள்படும். மருந்தைச் சுமந்து செல்லும் சிறு விண்கலத்தில், தன் அண்ணனைக் காணும் ஆசையால் ஓர் இளம்பெண் ஒளிந்து ஏறிவிடுகின்றாள். எரிபொருள் ஓட்டுநர் ஒருவரின் எடைக்கே அளந்து நிரப்பப்பட்டது. அவளை வெளியேற்றாவிடில் கலம் வீழும். மருந்துக்குக் காத்திருப்போரும் மடிவர்.

அக்கதையைப் படித்தோர் அன்று தொட்டு வாதிட்டு வருகின்றனர். கலத்திலுள்ள பிற பொருள்களை எறிந்து எடையைக் குறைக்கலாகாதா என்றனர் சிலர். புறப்படுமுன் கலத்தைச் சோதியாததும், கதவைப் பூட்டாததும், எரிபொருளில் சிறிதும் மிகை வையாததும் இயற்கையின் விதியா, மேலதிகாரிகளின் கஞ்சத்தனமா என்றனர் பிறர். இவ்விரண்டாம் வினா மிகக் கூர்மையானது. ‘வேறு வழியில்லை’ என்று கதை சொல்லுமிடத்தில், அவ்வழியை அடைத்தவர் யார் என்று அது கேட்கின்றது. பாதுகாப்பற்ற ஏணியும் பழுதான வண்டியும் ‘விதி’ என்று சொல்லப்பட்ட தோட்ட வாழ்க்கையை அறிந்த நம் மாணவருக்கு இவ்வினாவைக் கற்பித்தல் தகும். ஆசிரியரின் கொடையை ஏற்றுக்கொண்டு, அவர் கணக்கை மட்டும் மறுத்த வாசகர்கள் அவர்கள். நம்மிடையே வளரவேண்டியது அத்தகைய வாசிப்பே.

தமிழில் ஒட்டவில்லை என்னும் குறை

நான்காவது தீர்ப்பைக் கூறியோர் பெரும்பாலும் முப்பதை ஒட்டிய அகவையினரான இளம் ஆசிரியர்கள். அவர்களைக் குறைகூற இடமில்லை. காலத்தைக் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். 2003ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கின. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு விலக்கல்ல. 2009இல் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டு, பின்னர் அப்பாடங்கள் படிப்படியாகத் தமிழுக்கு மீண்டன. 2003இல் முதலாம் ஆண்டில் அமர்ந்த குழந்தைகளே இன்றைய இளம் ஆசிரியர்கள். தமிழ்ப்பள்ளியில் பயின்றும் ஒளிச்சேர்க்கையை ஆங்கிலப் பெயரால் அறிந்த தலைமுறை அது. அவர்களுக்கு ‘நுண்மி’ என்னும் சொல் கதையில் எதிர்ப்படும்போது அயலாகத் தோன்றுவதில் வியப்பில்லை. 2016 முதல் நடைமுறைக்கு வந்த இருமொழித் திட்டத்தைப் பற்றித் தமிழ்ப்பள்ளிகளில் எழுந்த வாதங்களும் இதே வினாவைச் சுற்றியவையே.

ஆகவே ‘ஒட்டவில்லை’ என்பது கதையின் குறையன்று, தமிழின் குறையுமன்று, பழக்கத்தின் இடைவெளி. பாடநூலில் மட்டும் வாழும் சொல் தேர்வு முடிந்ததும் உறங்கிவிடும். கதையில், ஒரு தாயின் அச்சத்திலோ ஒரு நண்பனின் துரோகத்திலோ கலந்து வரும் சொல்லே நாவில் தங்கும். ‘மின்னஞ்சல்’, ‘கணினி’ என்னும் சொற்களும் ஒரு காலத்தில் செயற்கையாகத் தோன்றியவையே. அறிவியலை எளிய தமிழில் எழுத முடியும் என்று பெ. நா. அப்புசாமி தம் வாழ்நாள் உழைப்பால் நிறுவினார். அச்சொற்களால் மனிதரின் இன்ப துன்பத்தையும் எழுத முடியும் என்று நிறுவுவது கதையாசிரியரின் பங்கு; பழக்கித் தருவது ஆசிரியரின் பங்கு.

தொகுப்பின் நிறையும் குறையும்

இவ்வளவுகோலால் அளக்கும்போது ‘விசும்பு’ குறையற்றது என்று சொல்வதற்கில்லை. அறிந்தவர் ஒருவர் விளக்க, அறியாதவர் ஒருவர் வினவ, உரையாடலாகவே கருத்து விரியும் முறை மிகுதியாகக் கையாளப்படுகின்றது. வகுப்பறையை நினைவூட்டும் அம்முறை ஆசிரியராகிய நமக்கு உவப்பாயிருக்கலாம். கதைக்கு அது சுமையே. பாத்திரங்கள் கருத்தைச் சொல்லும் வாய்களாகச் சுருங்கும் இடங்களில், கணக்குச் சரியாயினும் கதை மெலிகின்றது.

நிறையோ, கொடைகளைத் தமிழ் மரபிலிருந்தும் இந்தியச் சிந்தனையிலிருந்தும் எடுத்த துணிவு. ‘உற்றுநோக்கும் பறவை’ என்னும் தலைப்பே, ஒரே மரத்தில் ஒரு பறவை கனியுண்ண மற்றொன்று நோக்கியிருக்கும் உபநிடத உருவகத்தை நினைவூட்டுகின்றது. மனத்தைப் பற்றிய வினாவை நம் உருவகத்தினாலேயே தொடங்கலாம் என்று அது காட்டுகின்றது. அறிவியல் கதை எழுத அமெரிக்கப் பெயர்களும் செவ்வாய்க் கோளும் தேவையில்லை என்று இளம் எழுத்தாளர் உணர இத்தொகுப்பு உதவும்.

நம் மண்ணின் கொடைகள்

அங்ஙனமாயின் மலேசியத் தமிழர்க்குரிய கொடைகள் யாவை? நம் வரலாறே ஓர் அறிவியல் கதையைப் போன்றது. 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்திற்கு இரப்பர் விதைகள் சென்றன. 1877இல் அவற்றின் நாற்றுகள் 22 சிங்கப்பூரை அடைந்தன. மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்து, அம்மரத்தை நடுமாறு தோட்டக்காரர்களை வற்புறுத்திய ரிட்லி என்னும் தாவர அறிஞரைப் பித்தர் என்று பட்டப்பெயரிட்டு நகைத்தனர். ‘இதெல்லாம் நடக்குமா?’ என்பதே அன்றைய தீர்ப்பும்! 1896இல் இம்மலாக்கா மாநிலத்தின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் வணிக முறையில் இரப்பரைப் பயிரிட்டார்; பின்னர் ஜாசின் வட்டாரத்துப் புக்கிட் அசகானிலும் இரப்பர் பரவியது. அவ்விதையின் பின்னால் கடல் கடந்து வந்த மக்களின் வழித்தோன்றல்களே நம்முள் பெரும்பாலோர்.

இன்னொன்று: செம்பனைப் பூக்களுக்கு மகரந்தத் தூளைக் கையால் தூவும் வேலையைத் தோட்டத் தொழிலாளர்கள் செய்துவந்தனர். 1981இல் கேமரூன் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறு வண்டினம் ஒன்று ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் வட்டாரத்தில் முதலில் விடப்பட்டது. விரைவில் நாடெங்கும் பரவிய அவ்வண்டு, கூலியின்றி அவ்வேலையைச் செய்யத் தொடங்கியது. விளைச்சல் உயர்ந்தது, தூள் தூவிய கைகளுக்கு வேலை இல்லையாயிற்று. விரல் நுனியில் அடங்கும் உயிர் ஒன்று ஒரு லயத்தின் மாதச் சம்பளத்தை மாற்றியது. இதனைவிடச் சிறந்த ‘எனக் கொள்க’ எந்த விண்மீனில் கிடைக்கும்? இன்று குலை அறுக்கும் இயந்திரமும் மேலே பறந்து மரம் எண்ணும் கருவியும் பேசப்படும் காலத்தில், அடுத்த வினா நம் வாசலிலேயே நிற்கின்றது. ‘தோட்டமும் அறிவியலும்’ என்னும் ஒரே கருப்பொருளில் நம் எழுத்தாளர்கள் சிறுகதைத் தொகுப்பொன்று படைப்பார்களாயின், அது தமிழுலகில் வேறெங்கும் எழுத இயலாத நூலாக அமையும்.

ஆசிரியப் பெருமக்கள் செய்யத்தக்கது எளிது. அறிவியல் கதையை வகுப்பில் படித்தபின் படிப்பினையைக் கேட்பதற்கு முன் மூன்று வினாக்களைக் கேட்கலாம். ஆசிரியர் எதனைக் கொள்க என்றார்? அதிலிருந்து தொடர்ந்தவற்றுள் எது சரியான கணக்கு, எது பிழை? அக்கணக்கின் முடிவில் துன்புறுபவர் யார், அத்துன்பத்தைத் தவிர்த்திருக்கக் கூடியவர் யார்? இம்மூன்றுக்கும் தமிழில் விடை கூறப் பழகிய மாணவன், கதையைச் சான்றென்று மயங்கமாட்டான். கதையென்று இகழவும் மாட்டான். அறிவியலைத் தமிழில் எண்ண முடியுமா என்று எவரேனும் அவனை வினவினால், வாதிட வேண்டிய தேவையும் அவனுக்கு இராது. அவன் முன்னரே எண்ணத் தொடங்கியிருப்பான்.